உயிர் கேட்கும், மெய் கேளாது: மூப்புச் செவியின் இயல்

ஒலியை உணர்தல் வேறு, கேட்டல் வேறு. செவிக்குள் புகும் காற்றதிர்வு நரம்புத் துடிப்பாக மாறி மூளையை அடைவது ஒலியுணர்வு. அடைந்த துடிப்புகளை மூளை ஒன்றினின்று ஒன்றைப் பிரித்து, இன்ன எழுத்து, இன்ன சொல், இன்னார் குரல் என்று வகைசெய்து கொள்வது கேட்டல். முன்னதை அளக்க ஒரு கருவியும் அமைதியான ஓர் அறையும் போதும். பின்னதை அளக்க மொழி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட பிழையே, முதியோரின் செவிக்குறை பற்றி நம் வீடுகளில் நிலவும் தவறான எண்ணங்கள் பலவற்றுக்கும் வேர். சித்தூர், திருப்பதி மாவட்டப் பகுதியில், தமிழும் தெலுங்கும் ஒரே முற்றத்தில் புழங்கும் வீடொன்றில் வளர்ந்தவன் நான். அந்த மண்ணில் கண்டவற்றைக் கொண்டே இதனை விளக்கப் புகுகிறேன்.

நம் இலக்கண நூலார் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தனர். தொல்காப்பியம் எழுத்தொலிகளின் பிறப்புக்கென்றே பிறப்பியல் என ஓர் இயலை ஒதுக்கி, நெஞ்சு, மிடறு, நா, பல், இதழ், மூக்கு என ஒலி தோன்றும் இடங்களை நிரல்பட வைத்துள்ளது. இன்றைய ஒலியியற் கருவியின் முன் தமிழ்ப் பேச்சை வைத்துப் பார்த்தாலும் அப்பகுப்பு உறுதியாக நிற்கிறது. உயிரொலி தடையின்றி வெளிவரும் காற்றால் ஆவது. ஆகவே ஆற்றல் மிக்கது, நீண்டு ஒலிப்பது, அதன் உரம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் தங்குவது. வல்லின மெய்யோ தடைபட்ட காற்று ஒரு நொடியின் சிறு கூற்றில் விடுபடுவதால் ஆவது. ஆற்றல் குறைந்தது, கணப்பொழுதில் மறைவது, அதன் அடையாளம் பெரிதும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பது. பேச்சின் உரப்பை உயிர் சுமக்கிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் பணியைப் பெரிதும் மெய் சுமக்கிறது. கட்டு, தட்டு, பட்டு என்னும் மூன்று சொற்களில் முதல் மெய்யை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரே ஒலி. ஆங்கிலப் பேச்சை அளந்த ஒலியியலார் ஏறத்தாழ ஒரு கணக்குத் தந்துள்ளனர். நொடிக்கு 500 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட பகுதி பேச்சாற்றலில் 60 விழுக்காட்டைத் தாங்கினும், பொருள் விளக்கத்துக்கு அது தரும் பங்கு 5 விழுக்காடே. 1000 அதிர்வுக்கு மேற்பட்ட பகுதி ஆற்றலில் 5 விழுக்காடே ஆயினும், பொருள் விளக்கத்தில் 60 விழுக்காட்டைத் தருகிறது. தமிழுக்கு எண்கள் சற்று மாறலாம், நெறி மாறாது.

நகரியில் நாற்பது ஆண்டு விசைத்தறி ஓட்டிய என் பெரியப்பா, எழுபது அகவையை ஒட்டி அடிக்கடி சொல்லத் தொடங்கியது ஒரே தொடர்: “காதுல விழுது, இன்னா சொல்றீங்கன்னுதான் தெரியல.” வீட்டார் இதனைச் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டனர். விழுகிறதென்றால் தெரியாமல் போவது எப்படி என்று கேட்டனர். தமக்கு வேண்டியது மட்டும் கேட்கும் காது என்று நகையாடியவரும் உண்டு. ஆனால் அவர் சொன்னது ஓர் அறிவியல் வாய்பாட்டுக்கு நிகரான நுட்பம் உடையது. உயிர் விழுகிறது, மெய் தெரியவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறியச் செவியின் அமைப்பை ஒருமுறை உள்நோக்கி நடந்து பார்க்க வேண்டும். செவி புறம், நடு, உள் என முப்பகுதியது. இரண்டரைச் செண்டிமீட்டர் அளவுள்ள செவிப்புழையின் முடிவில் செவிப்பறை நிற்கிறது. அதற்கப்பால் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. இவற்றுள் அங்கவடி ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. மாந்தவுடலின் எலும்புகளுள் மிகச் சிறியது அதுவே. முறிந்த எலும்பைப் பச்சிலையும் மூங்கிற் பத்தையும் வைத்துக் கட்டிச் சேர்க்கும் புத்தூர்க் கட்டு, எங்கள் ஊர்ப்பக்கத்தின் பெயரைத் தென்னாடெங்கும் கொண்டுசென்றது. அந்தத் தேர்ந்த கைகளுக்கும் எட்டாத எலும்புகள் இவை. இவற்றின் பணி யாதெனின், காற்றின் அதிர்வை நீர்மத்தின் அதிர்வாக மாற்றுவது. காற்றில் வரும் ஒலி நேரே நீர்மத்தின்மேல் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்கே உட்செல்லும்; எஞ்சியது திரும்பிவிடும். செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப் போல ஏறத்தாழ 17 மடங்கு; எலும்புகளின் நெம்புகோல் அமைப்பால் மேலும் 1.3 மடங்கு, இரண்டும் சேர, அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்காகி உட்செவியின் வாயிலைத் தள்ளுகிறது.

உட்செவியில் கேட்புக்குரிய உறுப்பு நத்தையோடு போலச் சுருண்டிருப்பதால் அதனைச் செவிச்சுருள் என்போம். விரித்தால் 35 மில்லிமீட்டர். சுருண்ட நிலையில் ஒரு பட்டாணியளவு. அதனுள் நீளவாட்டில் ஓடும் அடிச்சவ்வின்மேல், ஒரு செவிக்கு ஏறத்தாழ 3,500 அகமயிர்க் கலங்களும் 12,000 புறமயிர்க் கலங்களும் நிரை நிரையாக நிற்கின்றன. சவ்வின் வாயிற்புறம் குறுகி விறைத்தது. உச்சிப்புறம் அகன்று தளர்ந்தது. ஆதலின் உயர்ந்த ஒலி வாயிலருகிலும் தாழ்ந்த ஒலி உச்சியிலும் தத்தம் இடத்தை அதிர்விக்கின்றன. யாழின் நரம்புகளைக் குட்டை முதல் நெட்டை வரை வரிசையிட்டாற் போன்ற இவ்வொழுங்கைக் கண்டுரைத்த கியார்கு வான் பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அகமயிர்க் கலங்கள் ஒலியை மூளைக்கு அறிவிப்பவை. புறமயிர்க் கலங்களின் தொழில் வேறு: அவை ஒலிக்கேற்பத் தாமே நீண்டும் சுருங்கியும் சவ்வைத் தள்ளி, மெல்லிய ஒலியைப் பெருக்குகின்றன, அண்டையிலுள்ள இரு ஒலிகளைத் தெளிவாகப் பிரித்துக் கூர்மையாக்குகின்றன. இத்தனைக்கும் வேண்டிய மின்னழுத்தத்தைச் செவிச்சுருளின் பக்கச் சுவரிலுள்ள குருதிப் பட்டை, ஏறத்தாழ 80 மில்லிவோல்ட்டு அளவில், வாழ்நாள் முழுதும் ஓயாது நிலைநிறுத்துகிறது. செவிக்குக் கருவி பூட்டுவதற்கு நெடுமுன்னரே, இயற்கை அதனுள் ஒரு பெருக்கியையும் ஒரு மின்கலத்தையும் வைத்துள்ளது.

இந்த மயிர்க்கலங்கள் பிறவியில் அமைந்தவை. அழிந்தால் பறவைகளுக்கு மீண்டும் முளைக்கும், நமக்கு முளைப்பதில்லை.

செவிக்குறையை முதற்கண் மூன்றாக வகுப்பர். புறச்செவியிலோ நடுச்செவியிலோ ஒலி தடைபடுவது கடத்தற்குறை. குறும்பி அடைத்தலும் செவிப்பறை கிழிதலும் இவ்வகை, பெரும்பாலும் மருத்துவத்தால் நீங்குவன. செவிச்சுருளோ நரம்போ பழுதுறுவது உணர்நரம்புக் குறை. இரண்டும் சேர்ந்தது கலப்புக் குறை. மூப்பால் வருவது இரண்டாம் வகையது. அதனை அமெரிக்க மருத்துவர் அரால்டு சுக்நெக்டு, மயிர்க்கலத் தேய்வு, நரம்புத் தேய்வு, குருதிப் பட்டைத் தேய்வு, அடிச்சவ்வு விறைப்பு என நான்காகப் பகுத்தார்; ஒரே முதியவரிடம் இவற்றுள் இரண்டும் மூன்றும் சேர்ந்திருப்பதே பெருவழக்கு. இதற்கு நான் மூப்புச்செவி என்னும் பெயரை ஆள்கிறேன். செவிடு என்ற சொல் நம் தெருக்களில் வசையாகிவிட்டது. கண்ணுக்கு வெள்ளெழுத்து வருவதுபோலச் செவிக்கு வருவதொன்றுக்கு, வசையில்லாத ஒரு பெயர் வேண்டும்.

மூப்புச்செவியின் தலையாய இயல்பு, அது செவிச்சுருளின் வாயிற்புறத்திலிருந்து தொடங்குவது. உயர் அதிர்வெண்கள் முதலில் போகின்றன. தாழ்ந்தவை நெடுநாள் நிற்கின்றன. இடி கேட்கும், பேருந்தின் உறுமல் கேட்கும், கதவடைப்பது கேட்கும். குருவியின் கீச்சும் சகரத்தின் உரசலும் தகர பகரங்களின் வெடிப்பும் தேயும். லகர, ளகர, ழகர வேறுபாடும் பெரிதும் நொடிக்கு இரண்டாயிரம் அதிர்வை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள பகுதியில் அமைவதால் அதுவும் மங்கும். மூக்கொலிகள் தாழ்ந்த அதிர்வுடையன ஆதலின் மெல்லினம் வந்தது என்பது தெரியும். வந்தது னகரமா மகரமா என்பது தெரியாது. முதியவர் ஒவ்வொரு சொல்லையும் பாதி எழுத்தழிந்த ஓலையைப் படிப்பவர் போல, இடமும் பொருளும் நோக்கி இட்டுநிரப்பியே கேட்கிறார். முன்பின் தெரிந்த பேச்சில் இது கைகொடுக்கும். புதிய பெயர், மருந்தின் அளவு, பேருந்தின் எண், தொகை என வரும்போது கைவிடும்.

இன்னொரு கூறு உண்டு. அதனை அறியாமையால் விளையும் மனவருத்தம் பெரிது. புறமயிர்க் கலங்கள் அழிந்த செவியில் மெல்லொலி கேட்கத் தொடங்கும் எல்லை மேலேறுகிறது. ஆனால் வல்லொலி தாங்கமுடியாமற் போகும் எல்லை இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கிவிடுகிறது. ஆதலின் “கேக்கலையே” என்றவரிடம் சற்று உரக்கச் சொன்னால், “ஏன் கத்துற, நான் இன்னா செவுடா?” என்று அவர் சினப்பது முரண்பாடன்று; அச்செவியின் இயற்கை அது. மேலும், உரக்கக் கத்தும்போது பெருகுவது உயிரொலி. மெய்யொலி அவ்வளவாகப் பெருகுவதில்லை. கத்துகிறவர் முன்பே கேட்டுக்கொண்டிருந்த பகுதியையே மேலும் ஏற்றி, கேளாத பகுதியை அதனுள் அமிழ்த்திவிடுகிறார்.

முதுமை மட்டுமே இதற்கு ஏது எனக் கொள்ளலாகாது. நகரியிலும் புத்தூரிலும் தெருவுக்குத் தெரு விசைத்தறி உண்டு. நாடா இருபுறமும் அடிபடும் ஓசை வீட்டுச் சுவரையும் அதிர வைக்கும். ஒலிமட்டத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் பத்துப் படி ஏறினால் ஆற்றல் பத்து மடங்காகும். இயல்பான உரையாடல் 60 டெசிபெல் அளவினது; தறிக்கூடம் 90-ஐத் தாண்டும்; அஃதாவது ஆற்றலில் ஆயிரம் மடங்குக்கு மேல். நம் நாட்டுத் தொழிலக நெறிகள் நாளுக்கு எட்டு மணி நேரம் 90 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. வீட்டோடு ஒட்டிய நான்கு தறிக் கூடத்தை அந்நெறி எட்டுவது அரிது. பஞ்சை உருட்டிச் செவியில் வைத்துக்கொள்ளும் நெசவாளரைக் கண்டிருக்கிறேன், முறையான செவிக்காப்பு அணிந்தவரைக் கண்டதில்லை. பேரிரைச்சல் முதலில் குலைப்பது 4000 அதிர்வை ஒட்டிய பகுதியை. பின்னர் மூப்பு வந்து அதே பக்கத்திலிருந்து தின்னத் தொடங்குகிறது. பிரித்தானியாவின் லங்காசயர் நெசவாலைகளில் பெண்கள் ஓசையின்றி வாயசைவாலேயே பேசிக்கொள்ளும் ஒரு வழக்கை வளர்த்து அதற்கு மீ-மோயிங் எனப் பெயரும் இட்டிருந்தனர்; எங்கள் தறிக்கூடங்களிலும் பெயரில்லாமல் அவ்வழக்கு உண்டு. பெரியப்பா எதிரில் நிற்பவர் வாயைப் பார்த்தே பாதி கேட்டார் என்பதும், அதனாலேயே குறை பல ஆண்டுகள் வெளிப்படாமல் இருந்தது என்பதும் எங்களுக்குப் பின்னரே விளங்கின. இதற்கு மறுபுறமும் உண்டு. 1962-இல் சாமுவேல் ரோசனும் குழுவினரும் சூடான் நாட்டில் இரைச்சலற்ற வாழ்வுடைய மபான் குடியினரை ஆய்ந்து, அவர்களுள் முதியோரும் கூர்செவியினராக இருத்தலை எழுதினர். மூப்பு என நாம் கொள்வதில் எவ்வளவு மூப்பு, எவ்வளவு இரைச்சல் என்னும் கேள்வியை அவ்வாய்வு எழுப்பியது.

கேள் என்னும் சொல் தமிழில் செவிகொடுத்தலையும் வினவுதலையும் குறிக்கும். அதே வடிவம் உறவையும் நட்பையும் குறிக்கும். கேளிர், கேண்மை என்பன அவ்வழி வந்தவை. மூப்புச்செவி முதலில் தாக்குவது உறவென்னும் இந்தப் பொருளை. திருமண வீட்டில் நூறு குரல்களுக்கு நடுவே எதிரிலிருப்பவர் குரலை மட்டும் பற்றிக்கொள்ளும் திறனை 1953-இல் காலின் செரி ஆய்ந்து எழுதினார். இதனைத் தமிழில் மணவீட்டுச் சிக்கல் எனலாம். இரு செவியும் கூர்மையாக இருந்தால் மூளை எத்திசைக் குரல் எது எனப் பிரித்துக்கொள்ளும். மூப்புச்செவியருக்கு நூறு குரலும் ஒரே இரைச்சலாகத் திரளும். ஆகவே அவர் மணவீட்டுக்குப் போவதைத் தவிர்க்கத் தொடங்குகிறார். போனாலும் ஓரத்தில் அமர்ந்து, பிறர் சிரிக்கும்போது சிரித்து, தலையசைத்து, உண்டவுடன் எழுந்து வருகிறார். தேநீர்க்கடைப் பேச்சில் இருமுறை தப்பாக விடைசொல்லி நகைப்புக்கு ஆளானவர் மூன்றாம் முறை அந்தப் பக்கம் போவதில்லை. அண்டை வீட்டார் தாழ்ந்த குரலில் பேசினால் தம்மைப் பற்றித்தான் என்னும் ஐயம் எழுகிறது. மனைவி, கணவரின் செவியாகவே மாறிக் களைத்துப்போகிறார்.

ஒலிகள் ஒன்றாகத் திரள்வதைத் திருமலையிலும் காணலாம். வரிசைக் கூடங்களில் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி எனப் பல மொழிகளில் அறிவிப்பு மாறிமாறி ஒலிக்கும். உயர்ந்த கூரையும் கல் தளமும் உள்ள கூடத்தில் ஒவ்வோர் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த ஒலியின்மேல் படிகிறது. எதிர்முழக்கம் எனப்படும் இதில் நீண்ட உயிரொலி அடுத்து வரும் குறுகிய மெய்யொலியை மூடிவிடுகிறது. இளஞ்செவியே முயன்று கேட்கும் இடம் அது. உடன்வந்தோரைப் பிரிந்த முதியவர் ஒருவர், தம் பெயரே அறிவிக்கப்படும்போதும், மொழி மாறியது என்று மட்டும் உணர்ந்து நின்றுகொண்டிருப்பார். தொலைபேசியும் இத்தகையது. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 அதிர்வு வரையுள்ள பகுதியை மட்டுமே கடத்தியது, வாயசைவும் தெரியாது. பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், அப்பா போனை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார், அவருக்குப் பேச விருப்பமில்லை என்று வருந்துவதன் பின்னணியில் இந்த எண்களே இருக்கக்கூடும். முகம் காட்டும் அழைப்பில் அதே தந்தை நன்கு பேசுவதை நான் கண்டிருக்கிறேன்.

மூளைக்கும் இதில் பங்குண்டு. அழிந்த எழுத்தை ஓயாது இட்டுநிரப்பும் மூளைக்கு, கேட்டதை நினைவில் வைக்க எஞ்சும் ஆற்றல் குறைவு. பேச்சின்றித் தனித்திருத்தலும் மூளையைத் தளர்த்துகிறது. லான்செட்டு மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2017 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகளில், முதுமறதி நோய்க்கு ஏதுவாகிய, நம்மால் மாற்றக்கூடியவற்றுள் செவிக்குறைக்கு முதன்மையான இடம் தந்துள்ளது. 2024 அறிக்கை அதன் பங்கை 7 விழுக்காடு எனக் கணித்தது. செவித்துணை அணிந்தால் மறதி தடைபடுமா என்பதற்கு விடை இன்னும் முழுமையாகவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 அகவை வரையுள்ள 977 பேரை மூன்றாண்டு நோக்கி 2023-இல் வெளியான ஆய்வில், எல்லாரையும் சேர்த்துப் பார்க்கையில் கருவி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே வேறுபாடு இல்லை. இடர்ப்பாடு மிகுந்த முதியோர் பிரிவில் மட்டும் அறிவுத்தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது. இதனை மிகைப்படுத்தி, கருவி மாட்டினால் மறதி வாராது என விற்பது முறையன்று. பேச்சை மீட்டுத் தருவதே கருவிக்குப் போதிய பெருமை.

இனிக் கருவி. ஒலியளவைக்குத் தம் பெயரைத் தந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் தாயார் செவிக்குறை உடையவர். மனைவியோ ஐந்து அகவையில் நோயால் செவியிழந்தவர். அவர் வழிவந்த பெல் ஆய்வகத்தில் மின்மப் பெருக்கியாகிய திரிதடையம் பிறந்தபோது, அவர் நினைவாகச் செவித்துணை செய்வோரிடம் மட்டும் உரிமைத்தொகை வாங்காது விட்டனர். 1952-இன் இறுதியில் அது செவித்துணைக்குள் நுழைந்தது. ஊரார் காது மிசின் என்று சொல்லும் இக்கருவிக்கு உறுப்புகள் சிலவே. ஒலிவாங்கி காற்றதிர்வை மின்னதிர்வாக்கும். இடையிலுள்ள எண்மச் செயலி அதனை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, குறையுள்ள பகுதியை மட்டும் வேண்டிய அளவு ஏற்றும். ஒலியூட்டி அதனை மீண்டும் ஒலியாக்கிச் செவிப்புழைக்குள் விடும். மெல்லொலியை மிக ஏற்றி, நடுவொலியைச் சிறிது ஏற்றி, வல்லொலியை அப்படியே விடும் செயலுக்கு ஒலியமுக்கம் என்று பெயரிடலாம். சுருங்கிய இடைவெளிக்குள் பேச்சு முழுவதையும் அடக்குவது இதுவே. ஆகவே நல்ல செவித்துணையை மெய்யெழுத்துகளைத் தூக்கி நிறுத்தும் கருவி எனச் சொல்லலாம். ஒருவர் செவிக்கு அளந்து செப்பனிட்டதை மற்றவர் அணிவது, அவர் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டுவது போன்றது.

அதன் மின்கலம் தனி வியப்பு. துத்தநாகமும் காற்றும் கூடி மின் தரும் அதன் மேல் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். உரித்தவுடன் நுண்துளை வழியே காற்று புகுந்து கலம் உயிர்பெறும். ஓரிரு மணித்துளி பொறுத்து உள்ளிட வேண்டும். தாளின் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் மிகச் சிறியது, அடுத்தது பழுப்பு, அதற்கடுத்துச் செம்மஞ்சள், பெரியது நீலம். தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது தேயும். இந்தச் சிறு செய்தியை யாரும் சொல்லாததால், ஒரே நாளில் ஆறு தாளையும் உரித்து வைத்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று பெட்டிக்குள் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெரியப்பாவின் முதற் கருவி கடையொன்றில், ஆய்வு ஏதுமின்றி வாங்கியது. தட்டும் கரண்டியும் தலைக்குள் உடைகின்றன என்று சொல்லி இரண்டாம் கிழமையில் கழற்றினார். ஓராண்டு அது இழுப்பறையில் கிடந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் 2021 அறிக்கைப்படி, செவித்துணையால் பயன்பெறக் கூடியவர்களுள் அதனை அணிவோர் உலகளவில் 17 விழுக்காடே. இழுப்பறைகளில் கிடப்பவை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பின்னர்த் திருப்பதியில் கேட்பியலர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். முதலில் குறும்பியை நீக்கினார்கள். ஒலிபுகா அறையில், செவிமூடி அணிந்து, கீச்சொலி கேட்கும்போதெல்லாம் விரலால் பொத்தானை அழுத்த வேண்டும். வலச்செவிக்குச் சிவப்பு வட்டம், இடச்செவிக்கு நீலப் பெருக்கற்குறி எனச் செவிவரைவுத் தாளில் புள்ளிகள் விழுந்தன. அவற்றைக் கோட்டால் இணைத்தபோது, திருமலையின் மேற்சாலை சட்டென்று கீழ்நோக்கி இறங்குவதுபோல, 1000 அதிர்வு வரை ஓரளவு சமமாக வந்த கோடு 2000-க்குப் பின் சரிந்தது. அடுத்து வந்தது சொல்லாய்வு. கேட்பியலர் தெலுங்குச் சொற்களை வாயை மறைத்துக்கொண்டு படித்தார். பெரியப்பா தெலுங்கு நன்றாகப் பேசுபவர். கடையில், வங்கியில், பிள்ளைகளின் பள்ளியில் பேசியது அதுவே. ஆனால் குறைந்த ஒலியில் எழுத்தை இட்டுநிரப்பும் வேலைக்குத் தாய்மொழியே முன்வருகிறது. அவர் கேட்டுக்கொண்டதன்மேல் தமிழ்ப் பட்டியல் ஒன்று எடுக்கப்பட்டது. இருபத்தைந்து சொற்களில் பதின்மூன்று சரி. ‘தட்டு’ என்றதற்குப் ‘பட்டு’ என்றார். நாற்பதாண்டு நெய்தவருக்கு வேறு எது தோன்றும். அளவிட்டுச் செப்பனிட்ட கருவியோடு மீண்டும் செய்தபோது இருபது. எல்லைப்புற ஊர்களின் செவிநல மனைகள் யாவும் இருமொழிப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பது அன்று எனக்குள் ஊன்றிய கருத்து. 1911-இல் வடாற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து அமைத்த மாவட்டம் சித்தூர். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்பிரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, வீடுகளுக்குள் இருமொழியும் அப்படியே இருக்கின்றன.

அரசு செய்வதும் சிறிதன்று. கேளாமைத் தடுப்புக்கான நாட்டுத் திட்டம் 2007-இல் 25 மாவட்டங்களில் தொடங்கிற்று. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோர்க்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, பல்லமைப்பு, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு செவித்துணையும் விலையின்றி வழங்கும் இராட்டிரிய வயோசிறீ திட்டம், 2017 ஏப்பிரல் 1-ஆம் நாள் எங்கள் அண்டை மாவட்டமாகிய நெல்லூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. திருப்பதியில் 1960-இல் தோன்றிய சிறீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் அதனோடிணைந்த ரூயா மருத்துவமனையும் இருக்கின்றன. மேற்கே மைசூரில், 1960-களின் நடுவில் நிறுவப்பட்ட அனைத்திந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் கேட்பியலர்களை உருவாக்கி வருகிறது. ஆயினும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், இரு செவியிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபெல் குறை இருந்தால்தான் ஒருவரைக் கேட்புக்குறையர் எனக் கொள்கிறது. உயர் அதிர்வெண்ணில் மட்டும் சரிந்து, நடுவில் 45-இல் நிற்கும் முதியவர் மணவீட்டில் ஒரு சொல்லும் பிடிபடாமல் இருப்பார். சட்டத்தின் கண்ணில் அவர் குறையற்றவர். உயிரை அளக்கும் கோல் அது, மெய்யை அளப்பதில்லை. முகாமில் ஒரே நாளில் நூறு கருவி வழங்குவதினும், ஐம்பதே வழங்கினும் அவற்றை அவரவர் செவிவரைவுக்கு அமைத்து, மூன்றாம் கிழமையில் மீண்டும் அழைத்துத் திருத்துவதே எனக்கு மேலாகப் படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டுவன எளியவை. முகத்துக்கு நேரே, வெளிச்சம் பேசுபவர்மேல் விழும்படி நின்று, இயல்பான குரலில் சற்று மெல்லப் பேசுக. தொலைக்காட்சியை முதலில் நிறுத்துக. புரியவில்லை என்றால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லால் சொல்லுக. ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர். அவர் செவியில் தெளிவாக விழும் தொடர்களுள் அதுவும் ஒன்று.

பெரியப்பா அன்று கேட்கத் தவறிய ஐந்து சொற்களையும் கேட்பியலரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். தறிக்கணக்கு எழுதிய பழைய குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவற்றை ஒட்டினார். மாலைதோறும் பேத்தி அவர் முதுகுப்புறம் நின்று, வரிசை மாற்றி மாற்றி அவற்றைப் படிப்பாள். அவர் திரும்பாமல் விடை சொல்ல வேண்டும் என்பது இருவரும் செய்துகொண்ட உடன்பாடு. மூன்று திங்களில் இரண்டு சொற்கள் மீண்டன. எஞ்சிய மூன்றில் ‘சளி’ எப்போதும் ‘புளி’யாகவே விழுகிறது, மற்ற இரண்டும் ஒருநாள் வருகின்றன, ஒருநாள் வருவதில்லை. தறிக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்கப் போகும்போது மட்டும் கருவியைக் கழற்றி, மின்கலக் கதவைத் திறந்து வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறார்.